உலகம்மாள் வீட்டு வழி

மருதநத்தம் நகராட்சி மாநகராட்சியாக ஆன அன்றைக்கு ஊர் பெருத்ததோ இல்லையோ, மணிக்கூண்டு முக்கில் நெரிசல் பெருத்தது. அங்கே சிக்கிய டவுன் பஸ்ஸில் மீசை கருக்க ஏறியவன் நரைத்துப்போய் இறங்குவான் என்று ஊர்க்காரர்கள் கேலி பேசினார்கள், கேலி பேசிக்கொண்டே ஹாரன் அடித்தார்கள், ஹாரன் அடித்துக்கொண்டே முன்னால் நிற்கிறவனின் அம்மாவையும் அக்காவையும் இழுத்தார்கள். அந்த முக்கைத் தவிர்த்துப் பெரியாஸ்பத்திரி இருக்கிற புறவழிச் சாலைக்குப் போக வேறு பாதை கிடையாது. எண்ணெய்க்காரத் தெருவை ஒரு நாலு எட்டு நீட்டினால் போதும், தெரு நேரே போய் முட்டுகிற அந்த ஒற்றை வீட்டைத் தாண்டினால் அந்தப் பக்கம் புறவழிச் சாலைதான் என்று ஒவ்வொரு மேயரும் வந்து நின்று கையை நீட்டிக் காட்டிவிட்டு, இளநீர் குடித்துவிட்டுப் போனார்.

அந்த ஒற்றை வீடு உலகம்மாள் வீடு. அவள் புருஷன் கோமதிநாயகம் பாத்திரக் கடையில் நின்று நின்று காலில் நரம்பு சுருட்டிக்கொண்ட மனுஷன். அந்த மனையை அவன் வாங்கியபோது, தெருக்குத்து வீடு குடும்பத்துக்கு ஆகாதுப்பா என்று சொல்லாத ஆள் இல்லை. தெரு மூக்குக்கு நேரே வந்து குத்தினால் என்ன, குத்துகிறதை வாங்கிக்கொள்ளச் சாமி இருக்கிறார் என்று வாசல் சுவரில் மாடம் வைத்து ஒரு பிள்ளையாரை உட்கார்த்திவிட்டுக் குடிவந்துவிட்டான். வாசலில் நின்று பார்த்தால் கூடம், கூடத்துக்குப் பின் அடுப்படி, அடுப்படிக்குப் பின் கொல்லைக் கதவு, எல்லாம் ஒரே கோட்டில் தெரியும். உலகம்மாள் பிள்ளை பெறவில்லை. அந்த வீட்டைத்தான் குளிப்பாட்டி, பொட்டு வைத்து வளர்த்தாள்.

ஒரு சித்திரை மத்தியானம் கோமதிநாயகம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஊஞ்சலிலிருந்து சரிந்தான். ஆம்புலன்ஸ் வந்தது, ஏற்றியது, மணிக்கூண்டு முக்கில் போய் நின்றது. நின்றது நின்றதுதான். முன்னால் ஒரு கல்யாண ஊர்வலம், அதற்கு முன்னால் பழுதான லாரி, அதற்கு முன்னால் என்ன என்று யாருக்கும் தெரியாது. சைரன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்று அழுதுகொண்டிருந்தது. அவன் கையைப் பிடித்திருந்த உலகம்மாளுக்கு, அந்தக் கையில் சூடு எப்போது போனது என்பது சைரன் சத்தத்தில் தெரியாமலே போயிற்று. ஓட்டுநர் அருளப்பன் வண்டியின் படிக்கட்டில் உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கினான்.

அன்றிலிருந்து அவளுக்கு இந்த உலகத்தில் இரண்டே இரண்டு ஆசை. ஒன்று, அவன் சரிந்து விழுந்த அந்தக் கூடத்திலேயே தானும் ஒருநாள் சரிந்து விழ வேண்டும். இன்னொன்று, அந்த முக்கில் இன்னொரு சைரன் நின்று அழக் கூடாது. இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கப் போகிறது என்று பாவம் அவளுக்கு அப்போது தெரியாது.

வருஷம் திரும்பி ஒரு காலை. உலகம்மாள் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றியிருந்தபோது, சைரன் சத்தம் எண்ணெய்க்காரத் தெருவுக்குள் வந்து அவள் வாசலில் நின்றது. அருளப்பன்தான்.

“மதினி, முக்குல அடைச்சுக் கெடக்கு. உள்ள ஒரு புள்ளத்தாச்சி கெடந்து துடிக்கா. கொல்ல வழியா ஸ்ட்ரெச்சர்ல தூக்கிக்கிட்டு ஓடிருதேன், கதவத் தெறங்க!”

உலகம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடிக் கொல்லைக் கதவைத் திறந்தாள், திரும்பி ஓடிவந்து வாசல் கதவு இரண்டையும் விரியத் திறந்தாள், வாசலுக்கு வந்த யாருக்கும் எதைச் சொல்வாளோ அதையே சொன்னாள்.

“வாங்க, உள்ள வாங்க.”

அருளப்பன் இறங்கக் கதவில் கை வைப்பதற்குள் வண்டி நகர்ந்தது. அரிசி மூட்டையோடு ஒரு ஆள் வந்தாலே ஒருக்களித்து நுழைய வேண்டிய வாசலில் அந்தப் பெரிய வெள்ளை வண்டி சொந்தக்கார வீட்டுக்குள் வருகிற மாதிரி வந்தது, சாமி மாடத்தைக் கடந்தது, ஊஞ்சலைக் கடந்தது, அடுப்படியில் அவள் தோசைக்கல்லைக் கொஞ்சம் நகர்த்திக்கொடுக்க அதையும் கடந்து, கொல்லைக் கதவு வழியாக வெளியேறிக் கிணற்றைச் சுற்றிப் புறவழிச் சாலையில் ஏறிப் போயிற்று. சுவரில் ஒரு பொட்டுச் சுண்ணாம்பு உதிரவில்லை. அந்தப் பெண் ஆம்பளைப் பிள்ளை பெற்றாள், தாயும் சுகம், பிள்ளையும் சுகம். அவள் யார், எந்த ஊர் என்று உலகம்மாள் கேட்கவே இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு ஊஞ்சலைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் காலையில் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தால், பரீட்சைக்கு நேரமான மகளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஒருத்தர் மோட்டார் சைக்கிளோடு நிற்கிறார். “யக்கா, நேத்து ஆம்புலன்ஸ் போச்சுன்னாங்க…” என்று தலையைச் சொறிந்தார். வீடு தேடி வந்தவரிடம் என்ன சொல்வது? வாங்க என்றாள். அவர் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டு, அப்புறம் நினைவு வந்து அதை எடுத்து மகள் கையில் கொடுத்து, வெறுங்காலோடு கியர் போட்டுக் கூடத்தைக் கடந்து, கொல்லை வாசலில் வண்டியை நிறுத்தித் திரும்பி, “போய்ட்டு வாரேன்க்கா” என்றார். அவளும், “போய்ட்டு வாங்க” என்றாள். ஊர் வழக்கம் அதுதானே. போய்விட்டு அவர் சாயந்திரமே வந்தார், தெருவே பின்னால் வந்தது.

முதலில் வந்தவர்கள் மரியாதைக்காரர்கள், குறை சொல்லக் கூடாது. முதல் தடவை ஒரு வீட்டுக்குப் போகிறோமே, வெறுங்கையோடு எப்படிப் போவது என்று வாழைப்பழம் கொண்டுவந்தார்கள். ஆட்டோக்காரர்கள் சாமி மாடத்தருகே பாட்டை நிறுத்திக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். லாரி டிரைவர் ஒருத்தர் கடுங்காப்பி வாங்கிக் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். அடுத்த வீட்டு இசக்கி, உலகம்மாளுக்குக் கூடப் பிறக்காத தங்கச்சி மாதிரி இருந்தவள், வாசல் ஓரத்தில் டீக்கடை போட்டு, வடையும் போட்டு, ஒரே மாதத்தில் காதில் புதுக் கம்மல் போட்டாள். மணிக்கூண்டு முக்கு காலியாயிற்று. அங்கே காக்கா உட்கார்ந்தது.

இதற்கு ஒரு நடைமுறை இருந்தது, ஊர் அதைச் சீக்கிரமே கண்டுகொண்டது. காலையில் கோலம் போட்டு முடித்து, தெருவைப் பார்த்து உலகம்மாள் ஒருதரம் வாங்க என்று சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு முழுவதும் வண்டி போகும். ஒருநாள் காய்ச்சலில் சொல்லாமல் படுத்துவிட்டாள். கதவு திறந்தே இருந்தும், முதலில் வந்த ஸ்கூட்டர் நிலைப்படியில் முட்டி விளக்கு உடைந்தது. இசக்கி ஓடிவந்து அவளைத் தாங்கலாகப் பிடித்து வாசலுக்குக் கூட்டிவந்து, “ஒரு வாங்க சொல்லிட்டுப் போய்ப் படுத்துக்கோக்கா, பின்னால காலேஜ் பஸ்ஸு நிக்கி” என்றாள். சொன்னாள், பஸ் போயிற்று.

நாளாக ஆக வாழைப்பழம் நின்றது. கன்னத்தில் போட்டுக்கொள்வது நின்றது. அப்புறம் போய்ட்டு வாரேனும் நின்றது. கூடத்தில் ஹாரன் அடித்தார்கள். அடுப்படிச் சுவரில் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டுப் போனான் ஒருத்தன், அவன் நாக்கு அழுக. ஊஞ்சல் இடைஞ்சல் என்றார்கள், கழற்றிப் பரணில் போட்டாள். கட்டில் இடைஞ்சல் என்றார்கள், சுவரோடு ஒட்டிப் பாயை விரித்தாள். சாப்பிட உட்கார்ந்தவளைப் பார்த்து, “ஏம்மா, ரோட்டு நடுவுலயா எலையப் போடுவ?” என்று ஒரு கார்க்காரர் கண்ணாடியை இறக்கிக் கேட்டார். அன்று அவள் கையிலெடுத்த சோற்றை அப்படியே வைத்துவிட்டாள். அவள் வீட்டில் அவளை வழியைவிட்டுத் தள்ளிப் போகச் சொன்ன முதல் ஆள் அந்தக் கார்க்காரர்தான்.

அருளப்பன் மட்டும் மாறவில்லை. எந்த அவசரத்திலும் கொல்லை வாசலில் தலையை நீட்டி, “வாரேன் மதினி” என்பான். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் மறுநாளும் கோலப்பொடியை எடுத்தாள்.

வினை விளக்கு வைக்கிற நேரத்தில் வந்தது. வாசல் வழியாக வருகிற லட்சுமி கொல்லை வழியாகப் போய்விடக் கூடாது என்று, விளக்கேற்றும்போது கொல்லைக் கதவைச் சாத்திவைப்பது எந்த வீட்டிலும் உள்ளதுதான். உலகம்மாளும் சாத்தினாள். விளக்கேற்றி, திருநீறு பூசி, கோமதிநாயகத்தின் படத்தை ஒருதரம் பார்த்துவிட்டு மறுபடி திறப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஆனால் அதுதான் ஆபீஸ் விடுகிற நேரம். முதலில், விளக்கு நேரம்யா, பொறுங்க என்று வண்டிகளை அணைத்துவிட்டு நின்ற அதே ஜனம், பிறகு எஞ்சினை அணைக்காமல் நின்றது, பிறகு உறுமிக்கொண்டு நின்றது, பிறகு மனு எழுதியது.

மாநகராட்சி கருத்துக் கேட்புக் கூட்டம் ஒன்றைக் கல்யாண மண்டபத்தில் வைத்தது. எண்ணெய்க்காரத் தெருவை முறைப்படி நீட்டலாமா வேண்டாமா என்பதுதான் பேச்சு. வார்டு கவுன்சிலர் தவசிக்கண்ணு, வாய்க்குள் தேனும் வயிற்றுக்குள் கத்தியும் வைத்திருக்கிற ஆள், மைக்கைப் பிடித்தார்.

“உலகம்மா அக்கா நம்ம தெய்வம். அதுல மாத்துக் கருத்தே கெடையாது. ஆனா ஒரு பொம்பள வாயை நம்பி ஒரு மாநகராட்சி ஓட முடியுமாய்யா? நாளைக்கு அக்காவுக்குத் தொண்ட கட்டிக்கிச்சுன்னா ஊரு நிக்கணுமா?”

மண்டபம் கைதட்டியது. வண்டிகள் இத்தனை நாளாகப் போய் வருவதால் அது புழக்கத்தில் உள்ள பாதை என்று ஆகிவிட்டது, பாதை இருக்கிறது என்றால் அதன் நடுவில் நிற்கிற வீடு ஆக்கிரமிப்பு என்று ஆகிறது, ஆக்கிரமிப்பு என்றால் நஷ்ட ஈட்டுக்கு இடமில்லை, ஆனாலும் மனிதாபிமானத்தோடு ஊருக்கு வெளியே குடிசை மாற்றுக் குடியிருப்பில் ஓர் அறை தரலாம் என்று பொறியாளர் அழகாக விளக்கினார். கேட்கக் கேட்க எல்லாருக்கும் நியாயமாகத்தான் இருந்தது.

உலகம்மாள் எழுந்தாள். “அங்க பாதைன்னு ஒண்ணு இல்லய்யா. வீடுதான் இருக்கு. நான் வாங்கன்னு சொல்லுதேன், நீங்க வாறீங்க. அம்புட்டுத்தான். வீட்ட எடுத்துட்டா எங்கிட்டு வருவீங்க?”

ஜனம் சிரித்தது. கெட்ட எண்ணத்தில் இல்லை, பிள்ளைகள் பேசுவதைக் கேட்டுச் சிரிப்போமே அந்த மாதிரி. அருளப்பன் ஒருத்தன் எழுந்து, “மதினி சொல்லுததக் கேளுங்கய்யா” என்றான். ரோட்டுக்குச் சம்மதிக்கிறவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். இசக்கி கையைத் தூக்கிவிட்டுத் தரையைப் பார்த்தாள். ரோடு அகலமானால் கடையும் அகலமாகும் என்று அவளிடம் யாரோ சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் உலகம்மாள் கதவைத் தாழ் போட்டாள். கோலமும் இல்லை, வாங்கவும் இல்லை. தெரு முழுக்க ஹாரன். கவுன்சிலர் வந்து தட்டினார், போலீஸ் வந்து தட்டியது, இசக்கி வந்து அழுதாள். அவள் கூடத்தில், தன் புருஷன் விழுந்த இடத்தில், சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு காலத்துக்கப்புறம் அந்தக் கூடம் அவளுக்கே அவளுக்கு என்று கிடைத்தது! மத்தியானம் தூரத்தில் சைரன் கேட்டது. காதைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளும் அது அழுதது. எழுந்து ஓடிக் கதவைத் திறந்து வாங்க வாங்க என்று கத்தினாள். ஆம்புலன்ஸ் போயிற்று. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஊரே உள்ளே நுழைந்தது.

அதற்கடுத்த நாள் தாழ் போட்டபோது, ஒரு காரில் விலைக்கு வாங்கி மாட்டிய சைரனை அலறவிட்டார்கள். ஆம்புலன்ஸ் இல்லை என்று அவளுக்குத் தெரியும், அருளப்பன் வண்டிச் சத்தம் அவளுக்குத் தெரியாதா? ஆனால் இல்லை என்று நினைத்து இருந்துவிட்டால்? உள்ளே யாராவது ஒருத்தி ஒரு கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால்? திறந்தாள். காரில் இருந்த நாலு பேர் சிரித்துக்கொண்டே கூடத்தைக் கடந்து போனார்கள். அதற்குமேல் அவள் தாழ் போடவில்லை. சண்டை போடத் தெரியாதவள் இல்லை அவள், ஆனால் அவளுடைய இளகின இடம் எது என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது.

இடிக்கிற நாளில் பிள்ளையாருக்குத்தான் முதல் மரியாதை. தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, கவுன்சிலரே தன் கையால் மாடத்திலிருந்து எடுத்து, தெருவோரத்தில் டைல்ஸ் ஒட்டின புது மேடையில் மின்விளக்கு மாலையோடு உட்கார்த்தினார். தெய்வத்துக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. உலகம்மாளின் பாயும் பாத்திரமும் குட்டியானை வண்டியில் ஏறின. ஊஞ்சலும், இரட்டைக் கதவும், கொல்லைக் கதவும் பழைய மரக் கடைக்குப் போயின. மண்வாரி இயந்திரத்துக்கு யாரும் வாங்க சொல்லவில்லை, இடிக்க வருகிறவனுக்கு அது தேவைப்படவும் இல்லை. கூடம் ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி உட்கார்ந்தது. வீட்டுக்குள் இருந்தபோது எவ்வளவு பெரிதாக இருந்தது, இடிந்து கிடந்தபோது ரெண்டு லாரி மண்கூட இல்லை.

திறப்பு விழாவுக்குத் தோரணம் கட்டினார்கள், தார் இன்னும் வாசனை அடித்தது. உலகம்மாளை யாரும் அழைக்கவில்லை. அழைக்காமலே பஸ் ஏறி வந்து, பிள்ளையார் மேடையோரம் நின்றாள். தெருவே அங்கே கூடியிருந்தது. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள், ஒருத்தர் வாயிலிருந்தும் வாங்கன்னு ஒரு சொல் வரவில்லை. இசக்கி மட்டும் ஒரு டீயை நீட்டினாள். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

ரிப்பன் வெட்டியதும் கவுன்சிலரின் கார் முதலில் கிளம்பியது. முன்பு நிலைப்படி இருந்த இடம் வந்ததும் நின்றது. டிரைவர் மிதித்தான், சக்கரம் சுற்றியது, தார் தீய்ந்து புகைந்தது, காரின் மூக்கு நசுங்கியது. எதிரே ஒன்றுமில்லை. புறவழிச் சாலையில் லாரி போவது தெரிகிறது, அந்தப் பக்கத்துக் காற்று முகத்தில் அடிக்கிறது, ஆனால் கையை நீட்டினால் சுண்ணாம்புச் சுவரின் குளிர்ச்சி. பொறியாளர் தட்டிப் பார்த்தார். அர்ச்சகர் தீர்த்தம் தெளித்தார். யாரோ செல்போனில் எடுத்து வைத்திருந்த உலகம்மாளின் வாங்கவை ஒலிபெருக்கியில் போட்டார்கள், அது தெருவெல்லாம் வாங்க வாங்க என்று கூவியது, வழி விடவில்லை. “அந்தப் பொம்பள ஏதோ செஞ்சு வச்சுட்டா” என்று ஒரு குரல் கிளம்பியது. வாழைப்பழம் கொண்டுவந்த ஒருவருடைய குரல்தான் அது.

அப்போதுதான் சைரன் கேட்டது. புது ரோட்டை நம்பி அருளப்பன் தெருவுக்குள் வந்துவிட்டான். கூட்டம் ஒதுங்கியது, கார் ஒதுங்கியது, வண்டி நேரே வந்து அந்த இல்லாத சுவரில் மூக்கை வைத்து நின்றது. பின்னால் திறப்பு விழா பார்க்க வந்த வண்டிகள் தெருவை அடைத்துவிட்டன, திரும்பிப் போகவும் வழியில்லை.

“மதினி!” என்றான் அருளப்பன்.

உள்ளே யார் என்று உலகம்மாள் கேட்கவில்லை. ஓடினாள். நிலைப்படி இருந்த இடத்தில் போய் நின்று, மூச்சு வாங்க, “வாங்க, உள்ள வாங்க” என்றாள். வண்டி உறுமியது, நகரவில்லை. “வாங்கய்யா, வாங்க” என்றாள். “இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுக்கா!” என்றார்கள் பின்னாலிருந்து. சத்தமாகச் சொன்னாள், அடித்தொண்டையிலிருந்து சொன்னாள், அழுதுகொண்டு சொன்னாள். இரண்டு கையாலும் அந்தக் குளிர்ந்த சுவரைத் தடவித் தடவித் தாழ்ப்பாளைத் தேடினாள். தன் கை தினமும் போய் விழுந்த இடம், இருட்டிலும் தப்பாத இடம், அங்கே ஒன்றும் அகப்படவில்லை.

“வாங்கன்னு சொல்லுததுக்கு எனக்கு ஒரு வாசல் வேணும்லாய்யா!” என்று ஊரைப் பார்த்துக் கதறினாள். “அத எங்க கொண்டு போட்டீங்க?”

சைரன் நின்ற இடத்திலேயே நின்று அழுதுகொண்டிருந்தது. அவளுக்கு அந்தச் சத்தம் தெரியும், அது எவ்வளவு நேரம் அழும் என்பதும் தெரியும். சுவரை விட்டுக் கையை எடுக்காமல் வாங்க வாங்க என்று முனகிக்கொண்டே இருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அருளப்பனே சைரனை அணைத்தான். இறங்கி வந்து வண்டியின் படிக்கட்டில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன.